இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

“ஏளா, சாளைய எடுத்துட்டு நெத்திலியில ஏன் கை வைக்க? கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!”

குரும்பூர் சந்தைக்கு வெளியே நிழலில் நிற்கும் சின்ன வெள்ளைக் காரின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வருகிறது இந்தக் குரல். காரின் பின்கதவு மேலே தூக்கியிருக்கிறது. உள்ளே ஓலைப்பெட்டிகளில் நெத்திலி, சாளை, வாளை, காரல், திருக்கை என்று கருவாடு. வாங்க வந்த பெண்கள் தாங்களே எடுத்து, தாங்களே தராசில் வைத்து, கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டைக்குப் போனைக் காட்டிப் பணம் போட்டுவிட்டுப் போகிறார்கள். கடைக்காரி திரும்பிப் பார்ப்பதே இல்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் வியாபாரம் முழுவதையும் பார்த்து, வாயால் நடத்திக்கொண்டிருக்கிறாள். இசக்கிச்செல்வி என்ற பெண் ஒருமுறை, “எறங்கி வந்து தந்தா கொறஞ்சா போவீங்க?” என்று கேட்டாள். “ஏறி எறங்குததுக்கு ஒங்க ஊர்ல கூலி தருவாங்களா?” என்று பதில் போனது.

விக்டோரியாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திரேஸ்புரத்தில் கருவாடு எடுத்து, ஆற்றங்கரை ஊர்களின் சந்தைகளுக்கும் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் கொண்டுபோய் விற்கிறாள். கழுத்தில் மாதா பதக்கம். இடது காலில் இடுப்புவரை போகும் இரும்புக் காலிப்பர். குழந்தையில் வந்த போலியோ. அதை யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “சத்தமாத்தான் கேளுங்களேன். நான் என்ன களவா எடுத்தேன்?”

எனக்குக் குரும்பூரில் பள்ளிக்கூட வேலை. வீடு தூத்துக்குடியில், அவளுடைய தெருவிலேயே. சந்தை நாட்களில் அவள் காரில் ஓசியில் போய் இறங்குகிறவள் நான். அந்த நாட்களில் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். ‘டீச்சர் வாரது மூக்குக்கே தெரிஞ்சிரும்’ என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை. இரண்டு பஸ் மாறி, கம்பியில் தொங்கிப் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

விக்டோரியாவுக்குக் கோபம் வராத நேரம் என்று ஒன்று இருந்தால் அது மாதா கோயில் பூசை நேரமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனபோது, முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது இவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரும்பாலும் அவள் கோபத்தில் நியாயம் இருக்கும். நியாயம் இல்லாத இடத்திலும் சத்தம் குறையாது. அதுதான் அவளோடு இருக்கிற சிக்கல்.

கார் வருவதற்கு முன்னால் அவள் லோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள். பெட்டிகளை ஏற்றிய பிறகு இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவளையும் தூக்கி வைப்பார்கள். டிரைவர் பின்னால் திரும்பி, “அக்காவ ஏத்தியாச்சா?” என்று கேட்பான். அந்த ஒரு சொல்லை அவளால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. “பெட்டிய ஏத்தியாச்சா, அக்காவ ஏத்தியாச்சா. ரெண்டுக்கும் ஒரே கேள்வி டீச்சர். நான் என்ன துறைமுகத்துக்குப் போற சரக்கா?”

அந்தச் சமயத்தில்தான் காயல்பட்டினத்து புகாரி காக்கா வீட்டில் இந்தக் கார் நிற்பதாக யாரோ சொன்னார்கள். அவருடைய வாப்பா நெடுங்காலம் வளைகுடாவில் கார் ஓட்டியவர். கிளட்சு மிதித்துப் பழக்கமில்லாததால், ஊர் திரும்பியதும் தேடிப்பிடித்து ஆட்டோமேட்டிக் வண்டியாக வாங்கியிருந்தார். அவர் மவுத்தான பிறகு ஓட்ட ஆளில்லாமல் நின்றது. பழைய வண்டிதான். ஆனால் இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. விக்டோரியா அதை வாங்கி, ஓட்டிப் பழகி, இந்த மாதிரி வண்டிக்கென்றே உரிமமும் வாங்கிவிட்டாள். ஆரம்பத்தில் காருக்குள் அத்தரும் நெத்திலியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நெத்திலிதான் ஜெயித்தது.

“பி-ல போட்டா நிக்கும். ஆர்-ல பின்னால வரும். டி-ல போட்டா மெட்ராசு வரைக்கும் போவும். நடுவுல ‘என்’னு ஒண்ணு இருக்கு. அது எதுக்குன்னு தெரியல, நான் தொட்டதும் இல்ல” என்பாள். அந்த டி-யில் போடும்போது அவள் முகத்தில் வரும் கர்வத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. இனி யாரும் அவளை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம் என்ற கர்வம் அது.

சென்ற கோடையில் அதற்குத்தான் வந்தது வினை. விடுமுறை நாள் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டப்பிடாரம் சாலையில் உப்பு லாரி ஒன்றை முந்துவதற்காக அழுத்தினாள். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. என்ஜின் தன்பாட்டுக்கு அலறியது. கார் லாரியின் பக்கவாட்டில் மாட்டுவண்டி வேகத்தில் தொங்கிக்கொண்டு போனது. எதிரே ஒரு பஸ். “மாதாவே!” என்று கத்தினாள். பிறகு சட்டென்று ஒரு உதறல். கியர் பிடித்து, வண்டி எங்களை முன்னால் தள்ளியது. பஸ்காரன் திட்டிக்கொண்டே போனான். ஓரமாக நிறுத்தினாள். அவளுக்குப் பயமில்லை, கோபம்தான் வந்தது.

டீக்கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். தள்ளிப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். நின்றுபோகாத வண்டியை எதற்குத் தள்ளுவது என்று யாரும் யோசிக்கவில்லை. மூன்றாவது ஆள் ஜன்னலில் தலையை விட்டு, “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா?” என்று கேட்டார்.

“இருக்கான். அவன் லாரி ஓட்டுதான், நான் காரு ஓட்டுதேன். நீரு என்ன ஓட்டுதீரு?”

தலை வெளியே போய்விட்டது.

அவள் சொன்னது தம்பி செபாஸ்டினை. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருக்கிறார்கள். செபாஸ்டின் நல்லவன். கேட்காமலே காரைக் கழுவி வைப்பான், காற்று பிடித்து வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அதே காரில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணப்பாட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்வருவான். கார் பற்றிய பேச்சு வந்தாலே, அக்கா இந்த வயதில் வெயிலில் அலைய வேண்டுமா என்பான். அன்பாகத்தான் சொல்வான். அவளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

அவன்தான் எங்களைப் பேச்சிராஜாவின் பட்டறைக்குக் கூட்டிப்போனான். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இருக்கிறது அது. பேச்சிராஜா கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பிக் கசடு நிறத்தில் இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தான், என்னைப் பார்த்து. காருக்கு எந்தப் பக்கம் பெட்ரோல் ஊற்றுவார்கள் என்றுகூடத் தெரியாத என்னைப் பார்த்து. வண்டிக்காரி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பார்க்கவில்லை.

“ஆட்டோமேட்டிக்கோட மல்லுக்கட்ட முடியாது டீச்சர். உள்ள பிளேட்டு வழுக்குது. அந்தக் கியர்பாக்ஸையே கழட்டி எறிஞ்சிட்டு மேனுவல் ஒண்ணு மாட்டிருவோம். காலத்துக்கும் தொந்தரவு இல்ல.”

காரின் கதவு திறந்தது. விக்டோரியா இரண்டு கைகளாலும் தன் இடது காலைத் தூக்கி வெளியே வைத்தாள். காலிப்பர் சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்தது.

“ஏலே பேச்சிராஜா, இங்கன பாரு. டீச்சர் மூஞ்சியப் பாக்காத, என்னப் பாரு. கிளட்சு எந்தக் காலுல மிதிக்கணும்?”

“எடது காலுதான்க்கா…”

“இது மிதிக்குமா? கேட்டுச் சொல்லு. மிதிக்கும்னு அது சொல்லிட்டா வண்டிய ஒனக்கே எழுதித் தாரேன்.”

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. பேச்சிராஜா தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியானால் டிரைவர் ஒருவரைப் போட்டுக்கொள்ளலாமே என்றான். செபாஸ்டினுக்கு அதுதான் வேண்டியிருந்தது. “நானும் அதத்தான் சொல்லுதேன். டிரிப்பு இல்லாத நாளுல நானே ஓட்டுதேன். அக்கா சும்மா உக்காந்து வந்தாப் போதும்.”

“சும்மா உக்காந்து வாரதுக்காடா நான் லைசென்சு எடுத்தேன்?” என்று அவள் கத்தியது மூன்று லாரிகளுக்கு அப்பாலும் கேட்டிருக்கும். எனக்கும் கோபம் வந்தது. ஒரு மனுஷி தானாகப் போய் வருவதை நிறுத்துவது இவர்களுக்கு எத்தனை சுலபமான ரிப்பேராக இருக்கிறது! கழற்று, மாட்டு, ஆளைப் போடு. நானும் அன்று இரண்டு வார்த்தை நன்றாகவே கேட்டேன். டீச்சர் வாயிலிருந்து அப்படி வரும் என்று பேச்சிராஜா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஏச்சு வாங்கிய ரோஷமோ என்னவோ, அவன் வேலையில் இறங்கிவிட்டான். கோயம்புத்தூரில் இந்த வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒருவரைப் போனில் பிடித்து, கேட்டுக் கேட்டுச் செய்தான். சரியான எண்ணெயை வரவழைத்து, வடிகட்டியை மாற்றி வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, இந்த முறை விக்டோரியாவைப் பார்த்தே பேசினான்.

“பிளேட்டு பாதி தேஞ்சாச்சுக்கா. இனிப் பாத்து ஓட்டுனா ஓடும். இன்னொரு தடவ எண்ணெ கருகிச்சுன்னா கியர்பாக்ஸு அவ்ளோதான், புதுசுக்கு எங்கன போனாலும் கிடைக்காது. ஒண்ணு கேக்கேன், ஏசாதீங்க. ஓட்டத்துல நியூட்ரல் போட்டு, ஓடிக்கிட்டு இருக்கும்போதே மறுபடி டி-க்குத் தள்ளுத பழக்கம் உண்டா?”

“நான் அந்த ‘என்’ன தொட்டதே கெடையாது.”

“அப்போ முன்னால வச்சிருந்தவங்களா இருக்கும். அப்படிச் செஞ்சா இப்படித்தான் தேயும்.”

அவ்வளவுதான். வண்டி அந்த வாரமே காயல்பட்டினத்துக்குப் போனது, நானும் கூடவே. புகாரி காக்காவின் தெருவில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும். அதற்குள் காரை விட்டு, தெருவை அடைத்துக்கொண்டு, இருக்கையில் இருந்தபடியே ஹார்ன் அடித்தாள். காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

“வண்டிய நாசமாக்கிட்டுத்தான என் தலையில கட்டுனீங்க காக்கா? நியூட்ரல்ல உருட்டி உருட்டிப் பிளேட்டத் தேச்சிட்டு, ஒண்ணுந்தெரியாத பொம்பளன்னு வித்துட்டீங்க, என்ன?”

“தங்கச்சி, வாப்பா அந்த வண்டியப் புள்ள மாதிரி வச்சிருந்தாங்க. டி-ல போட்டாங்கன்னா வாசல்ல வந்து நிக்கியவரைக்கும் வேற எதையும் தொட மாட்டாங்க.”

“மவுத்தானவரு வந்து சாட்சி சொல்ல மாட்டாருன்னு தைரியமோ?”

ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. பைக்கில் வந்தவர்கள் இறங்கி நின்று கேட்டார்கள். காக்காவின் உதடு அசைந்தது. உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதை நான் சொன்னதற்கு ஊர் வந்து சேரும்வரை எனக்கும் ஏச்சு விழுந்தது.

பிறகு ஒரு நாள் கெளுத்திக் கருவாட்டின் முள் அவள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை வீங்கி, மருந்து வைத்துத் துணி சுற்றியிருந்தாள். சந்தை நாளும் அதுவுமாக வீட்டில் இருக்க மனமில்லாமல், அன்றைக்கு மட்டும் என்று செபாஸ்டினை ஓட்டச் சொன்னாள். அவள் அவனுக்குப் பக்கத்தில். நான் பின்சீட்டில் ஓலைப்பெட்டிகளுக்கு நடுவே. செபாஸ்டினுக்கு ஒரே சந்தோஷம். மாதா பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே ஓட்டினான்.

மேம்பாலத்தின் உச்சியில் அவன் இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. கியர்க் கம்பியை ஒரு தட்டுத் தட்டி முன்னால் தள்ளியது. என்ஜின் சத்தம் அடங்கிப்போனது. கார் சரிவில் வழுவழுவென்று உருண்டது. பாலம் முடிகிற இடத்தில் அதே கை கம்பியைப் பின்னால் இழுத்தது. அடியில் டொக்கென்று ஒரு அடி விழுந்து, என் மடியிலிருந்த பை சரிந்தது. முனகல் பாட்டு ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

“நிறுத்து” என்றாள் விக்டோரியா.

“என்னக்கா?”

“வண்டிய நிறுத்துலே.”

ஓரமாக நிறுத்தினான்.

“இப்ப என்ன செஞ்ச?”

“என்ன செஞ்சேன்?”

நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து, கம்பியின் மேல் இருந்த தன் கையைக் கண்டான். “ஓ, இதா? எறக்கம்லா! நியூட்ரல்ல விட்டா பெட்ரோலு மிச்சம். லாரியில எல்லாரும் இப்படித்தான…” என்று ஆரம்பித்தவன், பாதியிலேயே முகம் செத்து நிறுத்திக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழம தோறும் மணப்பாட்டுக்கு இப்படித்தான் போயிருக்க?”

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“மணப்பாட்டுக்கு எத்தன பாலம்லே இருக்கு?”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவளோ, பின்சீட்டில் இருந்த எனக்கே காதைத் தீட்டிக் கேட்கவேண்டிய குரலில் பேசினாள்.

“நாலு சக்கரம் இருக்கதெல்லாம் ஒனக்கு லாரி. இது போச்சுன்னா நீ இன்னொரு வண்டியில ஏறிருவ. நான் எதுலலே ஏறுவேன்? மறுபடியும் ரெண்டு பேரு வந்து அக்குளுல கை குடுத்துத் தூக்குவான். நீயும் ஒருத்தனா வந்து தூக்குவ, பாசமா.”

“அக்கா, சத்தியமா தெரியாம…”

“வாய மூடு. அந்த மனுசர நடுத்தெருவுல வச்சு, செத்துப்போன வாப்பாவையும் சேத்து ஏசிட்டு வந்திருக்கேன். சந்த முடிஞ்சதும் நேரா காயல்பட்டினம் போறோம். நான் எந்தச் சத்தத்துல ஏசினேனோ அந்தச் சத்தத்துலயே நீ அவரு வாசல்ல நின்னு சொல்லணும், வண்டியக் கெடுத்தது நான்தான்னு. தெரு முழுக்கக் கேக்கணும். நீ சொன்ன பொறவு நான் சொல்ல வேண்டியத நான் சொல்லுவேன். இப்ப எறங்கு.”

செபாஸ்டின் இறங்கினான். அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, காலை எடுத்து வெளியே வைத்து, காரின் உடம்பைப் பிடித்துப் பிடித்து முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். கண்டெய்னர் லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவன் பதறிக் கையை நீட்டினான். “தொடாத” என்றாள். வீங்கிய கையோடு எப்படி ஓட்டுவாய் என்று நான் கேட்டேன்.

“கை வீங்குனா ஓட்டலாம் டீச்சர். வலிக்கும், அவ்ளோதான்.”

துணி சுற்றிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, டி-யில் போட்டாள். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு பிடித்துக்கொண்டு நகர்ந்தது. பழையகாயல் தாண்டும்வரை செபாஸ்டின் இடப்பக்கத்து ஜன்னல் வழியாக உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

முக்காணிப் பாலம் வந்தது. வழுக்காமல் ஏறியது வண்டி. கீழே ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. பாலம் முடிந்து சாலை இறங்க ஆரம்பித்தது. செபாஸ்டினின் முகம் இன்னும் ஜன்னல் பக்கமே இருந்தது. ஆனால் அவன் வலது கை மடியிலிருந்து தானாக எழுந்து கியர்க் கம்பியை நோக்கிப் போனது. அவனுக்கே தெரியாது.

விக்டோரியா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பற்றி, அவனுடைய முழங்காலோடு சேர்த்து அழுத்தினாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. என்ஜின் இரைச்சலோடு, டி-யிலேயே வண்டி இறங்கியது. இறக்கம் முடிந்து சாலை சமமாகி, ஆத்தூர்க் கடைகளும் கடந்துபோயின. அவள் அந்தக் கையை விடவில்லை.